ஈக்யூ போட்டால் ஸ்டீரியோ கலையுமா? தவிலுக்கு வைத்த இரண்டு மைக்கை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்திருக்கிறீர்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலின் வலந்தலைக்கு (விரலால் வாசிக்கும் பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (குச்சியால் அடிக்கும் பக்கம்) ஒன்று, மேடைக்கு முன்னால் ஸ்டீரியோ ஜோடியாக இரண்டு. ஈக்யூ (ஒலியின் குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சிப் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) தொடாதவரை எல்லாம் அதது அதன் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு ட்ராக்கிலும் ஈக்யூ போட்ட பிறகு தவில் இடப்பக்கம் சாய்கிறது, தொப்பியின் கனம் வற்றிவிட்டது, ஹெட்போனில் கேட்டால் காதுக்குள் ஏதோ இழுக்கிறது. உங்கள் நண்பர், "சாதாரண ஈக்யூ ஃபேஸைத் திருகும், அதனால் ஸ்டீரியோ கலையும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு லீனியர் ஃபேஸ் ஈக்யூ வாங்கிப் போடு" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, அதற்குப் பணம் போடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கும் கேள்வி, ஈக்யூவின் ஃபேஸ் ஸ்டீரியோவை எப்போது கெடுக்கும், எப்போது ஒன்றும் செய்யாது என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்தால் வாங்கலாமா வேண்டாமா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. ஃபேஸ் என்பது ஒலி அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, முழுச் சுற்று 360 டிகிரி. சாதாரண ஈக்யூ, அதாவது மினிமம் ஃபேஸ் வகை, ஃபேஸைத் திருகத்தான் செய்யும். லீனியர் ஃபேஸ் வகை அப்படித் திருகாது. "அதனால் ஸ்டீரியோ கலையும்" என்பதில்தான் அவர் ஒரு படியைத் தாண்டிப் போய்விட்டார். ஸ்டீரியோவில் ஒரு வாத்தியம் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது இடச் சேனலுக்கும் வலச் சேனலுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பினால் வித்தியாசம் மாறுவதில்லை. ஒரே ஒலி இரண்டு ட்ராக்கில் இருந்து, அதில் ஒன்றை மட்டும் திருப்பினால் மாறும். தஞ்சாவூரில் பதிவுக்கூடத்திலும், மார்கழி, தை மாதங்களில் கச்சேரி மேடைகளிலும் பல வருஷமாக இந்த வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஃபேஸ் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் தீர்கின்றன.

ஈக்யூ ஏன் ஃபேஸைத் தொடுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மினிமம் ஃபேஸ் ஃபில்டரில் அளவும் ஃபேஸும் தனித்தனியாகப் போவதில்லை. ஒன்றின் வளைவு தெரிந்தால் மற்றதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒரு பெல் ஃபில்டரில், அதாவது ஒரு ஃப்ரீக்வென்சியைச் சுற்றி மணி வடிவில் ஏற்றி இறக்கும் ஃபில்டரில், 6 டெசிபல் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். சரியாக நடு ஃப்ரீக்வென்சியில் ஃபேஸ் மாற்றம் பூஜ்யம். அதற்குக் கீழே ஃபேஸ் கொஞ்சம் முந்தும், மேலே கொஞ்சம் பிந்தும். அதிகபட்ச மாற்றம் சுமார் 19.5 டிகிரி. 12 டெசிபல் ஏற்றினால் சுமார் 37 டிகிரி. இந்த உச்ச அளவு க்யூவை, அதாவது அந்த மணி எவ்வளவு குறுகல் என்பதை, பொறுத்தது அல்ல. க்யூவைக் கூட்டினால் திருகல் நடுவை ஒட்டி நெருங்கும், அவ்வளவுதான். ஏற்றிய அதே இடத்தில் அதே க்யூவில் அதே அளவு இறக்கினால் ஃபேஸும் பழையபடி நேராகிவிடும். ஆகவே 2, 3 டெசிபல் தொடும் மென்மையான பெல் எதுவும் பயப்பட வேண்டிய விஷயமே இல்லை.

பயப்பட வேண்டியது லோ கட், அதாவது ஒரு ஃப்ரீக்வென்சிக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஃபில்டர். பட்டர்வொர்த் என்ற வழக்கமான வகையில், ஒரு ஆக்டேவ் (ஃப்ரீக்வென்சி இரட்டிப்பாகும் தூரம்) கீழே போனால் 12 டெசிபல் குறையும் சரிவு உள்ள லோ கட்டில், கட் ஆகும் ஃப்ரீக்வென்சியில் ஃபேஸ் 90 டிகிரி திரும்பியிருக்கும். 24 டெசிபல் சரிவில் 180 டிகிரி. 180 டிகிரி என்றால் தலைகீழ், ஆனால் அந்த இடத்தில் அளவு 3 டெசிபல்தான் குறைந்திருக்கும். அதாவது நீங்கள் "வெட்டிவிட்டேன்" என்று நினைக்கிற பகுதி, போகாமல் தலைகீழாகத் திரும்பி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வெட்டிய இடத்துக்கு ஒரு ஆக்டேவ் மேலே போனாலும், 12 டெசிபல் சரிவில் 43 டிகிரி, 24 டெசிபல் சரிவில் 78 டிகிரி மிச்சம் இருக்கும். ஸ்பெக்ட்ரம் படத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் கோடு கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும். படம் அளவை மட்டும்தான் காட்டுகிறது, ஃபேஸைக் காட்டுவதில்லை.

இனி காது. ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது இரண்டு வழியில் கண்டுபிடிக்கிறது என்பதை இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 1907-இல் தெளிவாக எழுதினார். கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம். அதற்கு மேலே பெரும்பாலும் அளவு வித்தியாசம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச நேரமே சுமார் 0.65 மில்லிசெகண்ட். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 500 ஹெர்ட்ஸில் 20 டிகிரி ஃபேஸ் என்பது 0.11 மில்லிசெகண்ட். ஹெட்போனில் ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு திரும்பினால் ஒலி நடுவிலிருந்து நகர்வதைக் காது உணரும். அதே 20 டிகிரி 5000 ஹெர்ட்ஸில் வந்தால் இடம் கண்டுபிடிக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கில்லை.

ஸ்பீக்கரில் கதை வேறு, ஏனென்றால் இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கிறது. சேனல்களுக்கு இடையே அளவு வித்தியாசம் மட்டும் கொடுத்தாலே, கீழ்ப்பகுதியில் அது காதுகளுக்கு இடையே நேர வித்தியாசமாக மாறிவிடும் என்பதைப் பயன்படுத்தித்தான் இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் தன் ஸ்டீரியோ காப்புரிமையை எழுதினார். நாம் பேன் குமிழைத் திருகும்போது வாத்தியம் நகர்வதற்கு அடிப்படையும் அதுதான். நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபேஸ் குழப்பத்தை ஹெட்போன் பெரிதாக்கிக் காட்டும், ஸ்பீக்கர் மழுப்பும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் தவிலுக்கு வருவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரே வாத்தியத்துக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு மைக். தவிலின் நீளம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் முன்பின். ஆளுக்கு ஒரு சாண் தள்ளி மைக் வைத்திருந்தால், குச்சி தொப்பியில் விழும் சத்தம் வலந்தலை மைக்குக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் அதிகம் பயணம் செய்துதான் போகும். நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 35 சென்டிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் 1.3 மில்லிசெகண்ட் தாமதம். இது ஈக்யூ தொடுவதற்கு முன்பே இருக்கிற விஷயம். அப்புறம் இன்னொன்று. குச்சி விழும்போது தொப்பித் தோல் உள்ளே போகிறது, அதாவது தன் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் காற்று அழுந்தி வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது, அது தன் மைக்கை நோக்கி வருகிறது. ஆகவே கீழ்ப்பகுதியில் இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈக்யூவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு ட்ராக்கையும் நடுவில் வைத்து, ஒன்றின் போலாரிட்டி பட்டனை, அதாவது அலையைத் தலைகீழாக்கும் பட்டனை, அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அதுதான் உங்கள் தொடக்கம். தவில் பதிவில் இந்த ஒரு பட்டன் செய்யும் வேலையை எந்த விலை கொடுத்து வாங்கிய ஈக்யூவும் செய்யாது.

போலாரிட்டியைச் சரிசெய்து, இரண்டு மைக்கும் கீழ்ப்பகுதியில் ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வலந்தலை ட்ராக்கில் 150 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் சரிவில் லோ கட் போட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விரலில் மாட்டும் கூட்டின் சத்தம் துல்லியமாக வர வேண்டும், கீழே இருப்பது தேவையில்லை என்ற நினைப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மைக்கில் தொப்பியின் சத்தமும் கசிந்து வந்திருக்கிறது. நேர் மைக்கை விட 10 டெசிபல் குறைவாகவே கசிந்திருக்கிறது என்று வையுங்கள். முன்பு அது தொப்பி மைக்கோடு சேர்ந்து 2.4 டெசிபல் கூட்டிக்கொண்டிருந்தது. லோ கட் போட்ட பிறகு 150 ஹெர்ட்ஸில் அது தலைகீழாகி, 2.2 டெசிபல் கழிக்கிறது. கூட்டிப் பார்த்தால் நாலரை டெசிபல் காணாமல் போய்விட்டது, அதுவும் தொப்பியின் கனம் இருக்கும் பகுதியில். கசிவு இதைவிட அதிகமாக இருந்தால் இழப்பும் அதிகம். உங்கள் தவில் வற்றியதற்கு இதுதான் காரணம் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஹெட்போனில் காதை இழுக்கிற உணர்வும் இதே குடும்பம். நீங்கள் தொப்பி மைக்கை இடப்பக்கமும் வலந்தலை மைக்கை வலப்பக்கமும் விரித்திருப்பதால், கீழ்ப்பகுதி ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வருகிறது. அப்படி வரும் ஒலியை மூளையால் எந்த இடத்திலும் வைக்க முடிவதில்லை.

ஆனால் தவில் இடப்பக்கம் சாய்ந்ததே, அது ஃபேஸ் இல்லை. நண்பர் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டார். ஈக்யூவுக்கு முன்னால், வலந்தலை மைக் வழியாக வலப்பக்கமும் கொஞ்சம் தொப்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவுதான் தொப்பியை நடுவுக்கு அருகில் பிடித்து வைத்திருந்தது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட் அதை வலப்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. இடப்பக்கம் மட்டும் மிஞ்சியது, எனவே இடப்பக்கம் சாய்ந்தது. இது வெறும் அளவு விஷயம். லீனியர் ஃபேஸ் ஈக்யூவில் இதே வளைவைப் போட்டிருந்தாலும் இதே பக்கம் இதே மாதிரிதான் சாய்ந்திருக்கும். ஃபேஸ் மேல் போடப்படும் வழக்குகளில் பாதிக்கு மேல் பொய் வழக்கு என்பது என் அனுபவம். நாதஸ்வரத்துக்கு முன்னால் வைத்த ஸ்டீரியோ ஜோடியில் இடது மைக்குக்கு மட்டும் 3000 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் ஏற்றினால் நாதஸ்வரத்தின் பளபளப்பு இடப்பக்கம் ஓடிப்போகும். அங்கே ஃபேஸைத் தேடுவதில் பயனில்லை, அளவுதான் இழுக்கிறது.

எது அளவு, எது ஃபேஸ் என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. சாதாரண ஈக்யூவில் நீங்கள் போட்ட வளைவை அப்படியே லீனியர் ஃபேஸ் ஈக்யூவில் போடுங்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்றால் கூடவே வரும் ரீஃபிர் (ReaFIR) ஈக்யூ போதும், லாஜிக் மென்பொருளில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ உள்ளேயே இருக்கிறது. இந்த ஈக்யூ உண்டாக்கும் தாமதத்தை மென்பொருள் சரிகட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சோதனையே வீண். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். லீனியர் ஃபேஸிலும் வாத்தியம் அதே இடத்துக்கு நகர்ந்தால் காரணம் அளவு. லீனியர் ஃபேஸில் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பினால் காரணம் ஃபேஸ். கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. திரையில் வளைவைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது அதற்குத் தகுந்தாற்போல் சொல்ல ஆரம்பித்துவிடும்.

தீர்வு என்று பார்த்தால், இரண்டு தவில் ட்ராக்கையும் ஒரு பஸ்ஸில் (பல ட்ராக்கை ஒன்றாகச் சேர்க்கும் பொதுத் தடம்) சேர்த்து, லோ கட் எதுவானாலும் பஸ்ஸில் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி திரும்பும், உறவு கெடாது. வலந்தலைக்கு மட்டும் கீழே குறைத்தே ஆக வேண்டும் என்றால், செங்குத்தான லோ கட்டுக்குப் பதிலாக லோ ஷெல்ஃப் (கீழ்ப்பகுதியை வெட்டாமல் மொத்தமாக ஒரே அளவு இறக்கும் ஃபில்டர்) போடுங்கள். முதல் வரிசை (மிக மென்மையான சரிவு உள்ள) ஷெல்ஃபில் 6 டெசிபல் இறக்கினால் ஃபேஸ் 19.5 டிகிரிக்கு மேல் போகாது. 180 டிகிரியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. அல்லது லோ கட்டின் சரிவைக் குறைத்து, ஃப்ரீக்வென்சியையும் நன்றாகக் கீழே இறக்குங்கள். இரண்டு மைக்கையும் முழுக்க இடம் வலம் விரிக்காமல் நெருக்கி வைத்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். கச்சேரியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்குத் தவிலின் இரண்டு பக்கம் இரண்டு திசையில் கேட்பதில்லை. மிக்ஸில் தவில் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் அகலமாகக் கிடப்பது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, இது என் ருசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லீனியர் ஃபேஸ் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம். மிட்-சைடு ஈக்யூ. ஸ்டீரியோ ஜோடியை மிட் (இரண்டு சேனலுக்கும் பொதுவானது), சைடு (இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்) என்று பிரித்து, "கீழ்ப்பகுதி நடுவில் இருக்கட்டும்" என்று சைடில் மட்டும் லோ கட் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி இருக்கும் ஒரு வாத்தியத்துக்கு மிட் 1, சைடு 0.5 என்று இருக்கட்டும். இரண்டையும் கூட்டினால் இடச் சேனல் 1.5, கழித்தால் வலச் சேனல் 0.5. வித்தியாசம் 9.5 டெசிபல். சைடில் 150 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் சரிவில் சாதாரண லோ கட் போடுங்கள். 300 ஹெர்ட்ஸில் சைடின் அளவு கிட்டத்தட்ட குறையவே இல்லை, ஆனால் ஃபேஸ் 43 டிகிரி திரும்பிவிட்டது. இப்போது கூட்டிக் கழித்தால் இடம் வலம் வித்தியாசம் 5.7 டெசிபல். வாத்தியம் நடுவை நோக்கி நகர்ந்துவிட்டது, போதாக்குறைக்கு இரண்டு சேனலுக்கும் இடையே புதிதாக ஒரு ஃபேஸ் வித்தியாசமும் வந்துவிட்டது. நீங்கள் தொட்டது 150 ஹெர்ட்ஸ், கெட்டது 300 ஹெர்ட்ஸ். இங்கே லீனியர் ஃபேஸ் போட்டால் 300 ஹெர்ட்ஸில் வாத்தியம் அசையாது. ஒரே ட்ராக்கை நகல் எடுத்து, நகலுக்கு மட்டும் ஈக்யூ போட்டு மூலத்தோடு கலக்கும் இடத்திலும் இதே நியாயம்தான். நண்பர் இந்த இரண்டு இடத்தை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் எல்லா இடத்திலும் லீனியர் ஃபேஸையே போட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. லீனியர் ஃபேஸ் ஃபில்டர் எல்லா ஃப்ரீக்வென்சியையும் ஒரே அளவு தாமதப்படுத்துகிறது, அதனால் ஃபேஸ் உறவு கெடுவதில்லை. ஆனால் ஃபில்டரின் அதிர்வு ஒலிக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் முன்னாலும் சரிபாதி பரவுகிறது. சாதாரண ஃபில்டரில் குச்சி விழுந்த பிறகு வரும் அதிர்வு, அடியின் வாலோடு கலந்து மறைந்துவிடும். லீனியர் ஃபேஸில் குச்சி விழுவதற்கு முன்பே மெல்லிய உறிஞ்சல் போல ஒன்று கேட்கும். கீழ்ப்பகுதியில், செங்குத்தான சரிவில், தவில் போன்ற அடி வாத்தியத்தில் இது மோசமாக இருக்கும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் தெரியவே தெரியாது. ஆக, தவிலின் லோ கட்டுக்கு லீனியர் ஃபேஸ் என்பது நான் கடைசியாகத் தேடும் மருந்து.

தாமதமும் சிறியதல்ல. 48 கிலோஹெர்ட்ஸில் 8192 டாப் (ஃபில்டரின் நீளத்தைச் சொல்லும் எண்ணிக்கை) உள்ள ஃபில்டர் ஏறக்குறைய 85 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். கீழ்ப்பகுதியில் நுணுக்கமாக வெட்ட வேண்டுமானால் இவ்வளவு நீளம் தேவைப்படும். மிக்ஸிங்கில் மென்பொருள் இதைச் சரிகட்டிவிடும். மேடையில் நேரடியாக முடியாது. திருவையாற்றில் ஆராதனைப் பந்தலிலோ கல்யாண மண்டபத்திலோ, வாசிப்பவர் தன் வாசிப்பைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் இவ்வளவு தாமதம் கொடுத்தால் தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈக்யூவின் ஃபேஸ் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மைக் தூரத்தைப் பற்றி ஏனோ கவலைப்படுவதில்லை. உங்கள் ஸ்டீரியோ ஜோடி நாதஸ்வரத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், கிட்டத்து மைக்கை விட ஏறக்குறைய எட்டரை மில்லிசெகண்ட் பிந்தி வரும். 500 ஹெர்ட்ஸில் அது நாலு முழு அலைக்கும் மேல். இதற்கு முன்னால் ஒரு பெல் ஃபில்டரின் 20 டிகிரி எந்த மூலை? கிட்டத்து ட்ராக்கைத் தள்ளி ஜோடியோடு ஒட்ட வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வைத்துப் பார்க்கலாம், ஆனால் நாதஸ்வரத்துக்குச் சரியாக ஒட்டினால் தவிலுக்குச் சரியாக ஒட்டாது, ஏனென்றால் தூரம் வேறு. நான் பெரும்பாலும் ஜோடியை முதன்மையாக வைத்துக்கொண்டு, கிட்டத்து மைக்கை மெல்லக் கலந்து, ஜோடி காட்டும் அதே இடத்தில் பேன் செய்துவிடுவேன். ஜோடி ஒரு இடம் காட்ட, பேன் வேறு இடம் காட்டினால் எந்த ஈக்யூவாலும் காப்பாற்ற முடியாது. கல் பிரகாரத்துக்குள் பதிவு செய்திருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியே ஃபேஸை வேண்டிய அளவுக்குக் கலக்கி வைத்திருக்கும். துணிப் பந்தலின் கீழ் என்றால் அந்தத் தொல்லை குறைவு, சின்ன வித்தியாசங்கள் தெளிவாகக் கேட்கும்.

அனலாக் கருவி பற்றியும் ஒரு வரி. மைக் செட்டுக்காரர்களிடம் இருக்கும் மிக்ஸரில் இடம், வலம் என்று இரண்டு தனிச் சேனலில் கையால் குமிழைத் திருகினால் இரண்டும் ஒரே அளவில் நிற்காது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களும் ஒன்றுக்கொன்று சில சதவீதம் மாறும். மாஸ்டரிங்குக்கென்று செய்யும் ஈக்யூக்களில் படிப்படியாக நிற்கும் ஸ்விட்ச் வைப்பது இடமும் வலமும் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் மென்பொருளில் இந்தப் பிரச்சினை இல்லை, ஸ்டீரியோ ட்ராக்கில் ஒரே ஈக்யூவைப் போட்டால் இரண்டு பக்கமும் எண் மாறாமல் ஒன்றே.

இதுவரை சொன்னவை கணக்கில் வருபவை, அளந்து காட்டலாம். இனி சொல்வது விவாதத்தில் இருப்பது. இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி ஃபேஸ் திரும்பினால் இடம் மாறாது, சரி. ஆனால் "ஆழம்", "முன் பின்" என்று நாம் சொல்கிறோமே, அது மாறுமா? காதுக்குத் தனி ஃபேஸ் தெரியாது என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்திலேயே வலுவாக இருந்தது. அது முழுக்க உண்மையல்ல என்று பிறகு தெரிந்தது. சில வகை ஒலிகளில், குறிப்பாக ஹெட்போனில், ஃபேஸ் மாற்றம் மட்டுமே கேட்கிறது. ஆனால் சாதாரண மிக்ஸில் மிதமான ஈக்யூவின் திருகலால் ஆழம் மாறுகிறது என்பவர்களும், அதெல்லாம் கற்பனை என்பவர்களும் இரண்டு பக்கமும் அனுபவசாலிகள். என் அபிப்பிராயம் இரண்டாவது கட்சிக்குப் பக்கம் சாய்கிறது, ஒரே விதிவிலக்கு: செங்குத்தான லோ கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ட்ராக், பஸ், மாஸ்டர் என்று மூன்று இடத்தில் போட்டால் தவிலின் அடி மெத்தென்று ஆவது எனக்குக் கேட்கிறது. அதில் எவ்வளவு ஃபேஸ், எவ்வளவு அளவு என்று பிரித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் பதிவையும் நான் கேட்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். மைக் இருந்த இடம் நான் நினைத்ததிலிருந்து மாறியிருந்தால் மேலே சொன்ன டெசிபல் கணக்கும் மாறும்.

நாதஸ்வரம் சில இடங்களில் அலைகிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு ஈக்யூவைத் தொடும் முன் கச்சேரி வீடியோ இருந்தால் பாருங்கள். ராக ஆலாபனையில் வித்வான் உடம்பைத் திருப்பித் திருப்பி வாசிப்பார், அணசு என்கிற அந்த விரிந்த அடிப்பகுதி இடமும் வலமும் போகும். நாதஸ்வரத்தின் மேல்பகுதி ஒலி அந்த வாய் பார்க்கும் திசையில்தான் அதிகம் போகிறது. ஸ்டீரியோ ஜோடி அதை உண்மையாகவே பதிவு செய்திருக்கலாம். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாதஸ்வரமானாலும் வேறு எதுவானாலும் இது மாறாது. அதைச் சரிசெய்யப் போகாதீர்கள், அப்படியே விடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்து பாருங்கள். எல்லா ஈக்யூவையும் அணைத்துவிட்டு, ஜோடியை மட்டும் கேட்டு யார் எங்கே இருக்கிறார்கள் என்று மனதில் வாங்குங்கள். தவிலின் போலாரிட்டியைச் சரிபாருங்கள். இரண்டு தவில் மைக்கையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து, லோ கட்டை அங்கே கொண்டுபோங்கள். ஜோடிக்கு ஈக்யூ வேண்டுமென்றால் ஸ்டீரியோவாகவே போடுங்கள், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று வேண்டாம். இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் அடிக்கடி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எங்கோ ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று பொருள், எப்போதாவது தொட்டுவிட்டு வந்தால் கவலை இல்லை. கடைசியில் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். உங்கள் பதிவு கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலும், யாரோ ஒருவர் கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும்தான் பாதி நேரம் ஒலிக்கப் போகிறது. குழாய் ஸ்பீக்கரில் கீழ்ப்பகுதி எப்படியும் வராது, ஆனால் 300, 400 ஹெர்ட்ஸ் வரும், தவில் வற்றினால் அங்கேயும் தெரியும். மோனோவில் தவில் நிற்கிறது என்றால் ஃபேஸ் பற்றி மறந்துவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும், சைடில் லோ கட் போட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் ரீஃபிரையே பயன்படுத்துங்கள். அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல மைக் ஸ்டாண்ட் வாங்கலாம்.